கியர் வண்டிக்கு வந்த ஆட்டோமேட்டிக் இன்ஜின்

இது மருத்துவ இழை இல்ல மக்களே, கார் இழை. எழுதுறது டாக்டர்ங்கிறதால நடுவுல ஒரு இதயம் வந்து போகும், பொறுத்துக்கோங்க. நீளம் ஜாஸ்தி. சேமிச்சு வெச்சுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூடப் படிக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. இடிச்ச செட்டிநாட்டு வீடுகளோட உறுப்புகள் அங்க விலைக்குக் கிடைக்கும். பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்குச்சட்டி, ரசம் போன கண்ணாடி. ஒரு வீட்டு வளவுல நூறு வருஷம் நின்ன தூண், இன்னொரு ஊர்ல ஒரு ஓட்டல் வரவேற்பறையில போய் நிக்கும். தூணைத் தூக்கி நிறுத்துறது பெரிய விஷயம் இல்ல. மேல உத்தரத்தோடயும் கீழ கல்லோடயும் அது உட்கார்ற ரெண்டு இடம்தான் தச்சரோட வேலை.

பழைய காரில் வேறொரு காரின் இன்ஜினை ஏத்துறதும் இதே தச்சு வேலைதான். அதிலும் ஆட்டோமேட்டிக் காரில் இருந்து கழற்றிய இன்ஜினை, கிளட்ச் மிதிச்சு கியர் போடுற வண்டியில் ஏத்துறது தனி ரகம். இன்ஜின் நல்லா இருக்கும், கியர்பாக்ஸ் நல்லா இருக்கும், ரெண்டும் சேர்ற ஒரு சாண் இடத்துலதான் வண்டியே தோத்துப்போகும். அந்த ஒரு சாண் இடத்தோட வரலாறுதான் இந்த இழை.

நம்ம பக்கம் இன்ஜினை நோண்டுற பழக்கம் ஆசையால வந்தது இல்ல, தட்டுப்பாட்டால வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. அடுத்த வருஷம் பர்மா கைவிட்டுப் போனது. நகரத்தார் கொடுத்து வைத்திருந்த பணத்தில் பெரும்பங்கு அங்கேயே முடங்கியது. அதே நேரம் இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்பக்கம் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் கிளம்பும் வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். இந்தக் கரிவாயுக் கலன்களைத் தயாரித்தே விற்றது. ஊர்ப் பெரியவங்க 'கரி பஸ்'னு சொல்றது இதைத்தான். அந்த வாயுவில் எரியும் சரக்கு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு, கூடக் கொஞ்சம் ஹைட்ரஜன். அடுப்புக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவங்களை நினைச்சா, டாக்டரா எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குது.

அப்போ மாறினது தீனி மட்டும்தான், இன்ஜின் அதேதான். இன்ஜினையே மாத்துறது அடுத்த பத்து வருஷத்துல வந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932-ல் தொடங்கிய டீசல் இன்ஜின் கம்பெனியின் பி6 இன்ஜினை, சென்னை மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி 1951-ல் இங்கேயே செய்யத் தொடங்கியது. பெட்ரோல் குடிச்சுக்கிட்டிருந்த அமெரிக்க லாரியின் இன்ஜினை இறக்கிட்டு, அந்த இடத்தில் இந்த ஆறு சிலிண்டர் டீசலை ஏத்தலாம். பெர்கின்ஸ் ஆரம்பத்திலிருந்தே இந்த மாற்று வேலையை மனசுல வெச்சுத்தான் இன்ஜின் செஞ்சார். பழைய இன்ஜினிலும் கிளட்ச் உண்டு, புதிய இன்ஜினிலும் கிளட்ச் உண்டு. பாதி சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

கார்களுக்கு வேறு மாதிரி நெருக்கடி. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சேவ்ரியில் செவர்லே, பியூக் எல்லாம் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. உதிரிபாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. அடுத்த வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் கொட்டகைகளில் நின்ற அமெரிக்கக் கார்களுக்கு அன்றிலிருந்து ஒரு ஸ்பேர் பார்ட் வாங்குவதே யாத்திரை ஆனது.

ஆட்டோமேட்டிக் என்ற சரக்கும் அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் பரவியது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் 'ஹைட்ரா-மேட்டிக்', 1950-ல் செவர்லேயில் 'பவர்கிளைடு'. கிளட்ச் பெடலே கிடையாது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் உரசிப் பிடிக்கும் தட்டுக்குப் பதில் எண்ணெய். ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால், காற்று தள்ளி அதுவும் சுத்தும் இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைங்க, அவ்ளோதான். அழகான யோசனை. ஆனா அது பழுதானா திறந்து பார்க்க நம்ம ஊர்ல ஆள் ஏது? 'ஆட்டோமேட்டிக்கா, வேண்டாம்'ங்கிற பயம் நம்ம மெக்கானிக்குகளுக்கு அப்ப விழுந்தது, ரெண்டு தலைமுறை தாண்டியும் போகல.

இனி அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பு. 1957-ல் தொடங்கி 2014-ல் உத்தர்பாரா ஆலை மூடும் வரை ஓடிய வண்டி. காரைக்குடி டாக்ஸி ஸ்டாண்டிலும் சரி, கல்யாண வீட்டு வாசலிலும் சரி, பல வருஷம் அதுதான் கார். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் சாது. ஆனா எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறினப்போ டாக்ஸிக்காரங்களுக்குக் கட்டுப்படியாகல. மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏத்தி ஓட்டினாங்க. 1980 வாக்கில் கம்பெனியே டீசல் அம்பாசடர் விட்டது. அதுவும் 1489 சிசிதான், 37 குதிரைத்திறன். ஆறு பேர், மேல கேரியர்ல பெட்டி படுக்கை, ஏசி போட்டா மேடு ஏறாது. கொடைக்கானல் மலைப்பாதையில் அதுல போனவங்களைக் கேளுங்க, கதை சொல்வாங்க.

இந்த இடத்துக்குள்ளதான் ஜப்பான் நுழைந்தது.

ஜப்பானில் 'ஷாக்கென்' என்று ஒரு கட்டாய வாகனச் சோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்று வருஷத்தில், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. செலவு அதிகம். ஆகவே இன்னும் நல்லா ஓடுற காரையே மக்கள் கழிச்சுக் கட்டிடுவாங்க. அந்தக் கார்களின் இன்ஜின்கள் கண்டெய்னர் கண்டெய்னரா ஆசியா முழுக்கப் போயின. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இந்தியாவுக்கும் வந்தன. டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய பார்ட்ஸ் சந்தைகள் அந்தப் பழக்கத்தில் கொழுத்தவை. நிஸ்ஸான், டொயோட்டா, இசுசு டீசல் இன்ஜின்கள் அம்பாசடருக்கும் கான்டெஸ்ஸாவுக்கும் ஏறின. கம்பெனி டீசலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி.

அதே ஜப்பானில் அந்தக் காலத்தில்தான் ஆட்டோமேட்டிக் பெரும்பான்மை ஆனது. 1991-ல் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுவதற்கென்றே தனி லைசென்ஸ் கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்குங்க. அப்ப அங்கிருந்து வரும் பழைய இன்ஜினில் கணிசமானது ஆட்டோமேட்டிக் வண்டியில் இருந்து கழற்றியதாகத்தானே இருக்கும்?

'அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் சேர்த்தே போட்டிருக்கலாமே'ன்னு கேப்பீங்க. முடியாது. ஜப்பான் கார்களில் நிறைய, இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுப்பவை. அம்பாசடரில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியா பின்சக்கரத்தைத் தள்ளும். பின்சக்கர வண்டியிலிருந்து வந்த இன்ஜினாவே இருந்தாலும் அந்தப் பெட்டியின் நீளம் வேற, ரிப்பேருக்கு ஆள் இல்ல, டிரைவருக்குப் பழக்கம் இல்ல. அதனால இன்ஜின் ஜப்பான், கியர்பாக்ஸ் அம்பாசடர். நடுவில் நம்ம ஊர் லேத் பட்டறை.

இப்ப அந்த ஒரு சாண் இடத்தைத் திறந்து பார்ப்போம்.

கியர் வண்டியில் கிராங்கின் பின்முனையில் கனமான ப்ளைவீல் இருக்கும். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட் உரசிப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய தகடுதான் இருக்கும், எடையை எண்ணெய்க் கலன் சுமந்துக்கும். ஆகவே தகட்டைக் கழற்றி ப்ளைவீல் பூட்டணும். சுலபம்னு தோணும். ஆனா தகட்டின் போல்ட் குட்டை, ப்ளைவீலின் போல்ட் நீளம். இருக்கிற போல்ட்டையே போட்டு முறுக்கினா நாலு மரைதான் பிடிக்கும். நிமிஷத்துக்கு 3000 சுத்துல அந்தக் கனமான சக்கரம் கழன்றா, அது பறக்கிற இடம் டிரைவரின் கால் பக்கம். எழுபது ரூபாய் போல்ட்டில் மிச்சம் பிடிச்ச வேலை, முழங்காலுக்குக் கீழ போயிடும். மிகைப்படுத்தலை.

அடுத்தது பைலட் புஷ். கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டின் நுனி, கிராங்கின் நடுக்குழியில் ஒரு சின்ன புஷ்ஷிலோ பேரிங்கிலோ உட்காரும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தண்டே கிடையாது. அதனால சில கம்பெனிகள் ஆட்டோமேட்டிக்குக்குப் போகும் கிராங்கில் அந்தக் குழியைச் சரியா முடிக்காமலேயே விட்டிருப்பாங்க, சிலதில் குழி பெருசா இருக்கும். நல்ல லேத்காரர் வெண்கலத்தில் புஷ் கடைந்து இறுக்குவார். அவசரக்காரர் 'புஷ் இல்லாமலே ஓடும்'னு அனுப்பிடுவார். ஓடும், சில மாசம். அப்புறம் கிளட்ச் உதறும், கியர் விழாது, கியர்பாக்ஸின் முன் பேரிங் அலறும். வண்டிக்காரர் கியர்பாக்ஸைத் திட்டுவார்.

மூணாவது, ரெண்டையும் சேர்க்கும் அடாப்டர் பிளேட். இன்ஜினின் போல்ட் துளைகள் ஒரு கணக்கு, அம்பாசடர் பெட்டியின் துளைகள் இன்னொரு கணக்கு. நடுவில் ஒரு கனத்த தகட்டை வெட்டி ரெண்டு கணக்கையும் அதில் துளைப்பாங்க. கிராங்கின் மையமும் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் மேலே சொன்ன அத்தனை வியாதியும் வரும். டயல் கேஜ் வெச்சுப் பார்த்துப் பூட்டியவங்களும் இருந்தாங்க, கண் திட்டத்துல பூட்டியவங்களும் இருந்தாங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

டீசலில் ஒரு வசதி, அந்தக் காலத்து பம்ப் வெறும் இயந்திரம். கம்ப்யூட்டர் கிடையாது. பின்னாடி வந்த பெட்ரோல் இன்ஜின்களில்தான் தலைவலி. ஆட்டோமேட்டிக் காரின் கம்ப்யூட்டர், கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்குன்னு தகவல் வந்தாத்தான் ஸ்டார்ட்டே பண்ண விடும். கியர் வண்டியில் அந்தத் தகவல் எங்கிருந்து வரும்? ரெண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி, 'எப்பவும் நியூட்ரல்'னு அதை நம்ப வெச்சிடுவாங்க. சாவியைத் திருப்பினா, கியர் விழுந்திருந்தாலும் வண்டி முன்னாடி பாயும்.

சொன்னேனே, இதயம் வரும்னு. வந்துடுச்சு.

இதய மாற்று அறுவைச் சிகிச்சைன்னா 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு செய்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இந்தியாவில் 1994 ஆகஸ்ட் 3, டெல்லி எய்ம்ஸ், டாக்டர் வேணுகோபால். ஆனா அதை எப்படித் தைக்கணும்னு 1960-லேயே ஸ்டான்ஃபோர்டில் லோயரும் ஷம்வேயும் நாய்களில் செய்து காட்டியிருந்தாங்க. அவங்க யோசனை இதுதான்: ஒவ்வொரு ரத்தக்குழாயையும் தனித்தனியா வெட்டித் தைக்காதே, பழைய இதயத்தின் மேலறைப் பின்சுவரை அப்படியே விட்டுட்டு அதில் புது இதயத்தைத் தை. அடாப்டர் பிளேட்டேதான்!

இதுல ஒரு வேடிக்கை. அந்த மிச்சச் சுவரில் பழைய இதயத்தின் துடிப்பு முடிச்சும் தங்கிடும். அது பாட்டுக்குத் துடிப்புக் கட்டளை போட்டுக்கிட்டே இருக்கும். தையல் தழும்பைத் தாண்டி அந்தக் கட்டளை போகாது. ஆனா ஈசிஜி எடுத்தா ஒரே ஆளுக்கு ரெண்டு பி அலை தெரியும், ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. இப்போ பெரும்பாலும் வேற முறையில் தைக்கிறாங்க, அதனால இது அபூர்வம். இன்னொண்ணு, புது இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் நரம்பு அறுபட்டிருக்கும். சும்மா படுத்திருந்தாலும் நூறை ஒட்டித் துடிக்கும். மாடி ஏறினா உடனே வேகம் பிடிக்காது, ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் பிடிக்கும். கியர்பாக்ஸிடமிருந்து தகவல் வராத ஆட்டோமேட்டிக் கம்ப்யூட்டர், ஐட்லிங்கை ஏத்தி வெச்சுக்கிட்டுத் தவிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோயாளிகள்தான் ஞாபகம் வருவாங்க.

கம்பெனிக்காரங்களே இன்ஜின் மாத்தினப்போ என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா விஷயம் புரியும். 1992-ல் அம்பாசடருக்கு 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின் வந்தது. தனியா வரல. இசுசுவின் ஐந்து கியர் பெட்டியையும் கூட்டிக்கிட்டே வந்தது. ஸ்டீயரிங்கில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. கான்டெஸ்ஸாவுக்கும் அதே ஜோடிதான். அந்த ஒரு சாண் இடத்தை அவங்க தொடவே இல்ல.

மலேசியாவில் சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு 'ஹாஃப்-கட்' தெரிஞ்சிருக்கும். ஜப்பான் காரின் முன்பாதியை முழுசா அறுத்து அனுப்புவாங்க, இன்ஜின், பெட்டி, ஒயரிங், கம்ப்யூட்டர் எல்லாத்தோடவும். அங்கே புரோட்டான் கார்களே மிட்சுபிஷி வழி வந்தவை, அதனால ஹாஃப்-கட்டிலிருந்து எடுத்த மிட்சுபிஷி இன்ஜின் உறவுமுறைக்குள்ள கல்யாணம் மாதிரி. நம்ம அம்பாசடர் டாக்ஸிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அன்னிய சம்பந்தம்.

இதையெல்லாம் இப்ப ஏன் எழுதுறேன்? போன மாசம் என் பள்ளித்தோழன் கூப்பிட்டான். கோட்டையூர் பக்கம் அவங்க வீட்டுக் கொட்டகையில் ஐயாவோட அம்பாசடர் நிக்குது, அறுபதுகளின் கடைசி வண்டி. இன்ஜின் இறுகிடுச்சு. "டேய், மெக்கானிக் ஒரு ஜப்பான் இன்ஜின் இருக்குங்கிறான். ஆட்டோமேட்டிக்ல இருந்து எடுத்ததாம், ஆனா நம்ம பெட்டியில சேர்த்துடலாம்னு சொல்றான். ரேட்டும் கம்மி. போட்டுறவா?"

நான் போடாதன்னு சொன்னேன். காரணங்களை அவனுக்குச் சொன்ன வரிசையிலயே எழுதுறேன்.

முதல்ல பிரேக். அந்தக் காலத்து அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்தியை ரெண்டு மடங்காக்கிட்டு நிறுத்துறதை அப்படியே விட்டா என்ன ஆகும்னு எலும்பு வார்டில் வேலை பார்த்த யாரும் சொல்வாங்க.

அப்புறம் ஆர்.சி. அதில் சேசிஸ் எண்ணும் இருக்கு, இன்ஜின் எண்ணும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. இன்ஜினை மாத்தணும்னா ஆர்.டி.ஓ. கிட்ட போகணும். பில் இல்லாத பழைய இன்ஜின் எந்த வண்டியுடையது, அந்த வண்டி எப்படிக் காணாமப் போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டான். நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ரெண்டு பி அலை அவருக்குப் பிடிக்காது.

மூணாவது அவனுக்குத் தெரியாதது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். நிபந்தனை: சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. ஐயாவோட கார் அந்த வயசைத் தாண்டி நிக்குது. இறுகிப்போன அந்த இன்ஜின்தான் அதுக்கு அடையாளச் சான்று. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டா, வண்டி ஓடும், ஆனா விண்டேஜ் ஆகாது.

"அப்ப என்னதான் பண்ண?"ன்னான். போர் அடிச்சு, ஸ்லீவ் போட்டு, கிராங்கைத் தேய்ச்சு அதே இன்ஜினை எழுப்பச் சொன்னேன். அது பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதன் அண்ணன்தான், 1798 சிசி. அதனால இந்தக் குடும்பத்து வேலை தெரிஞ்ச ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க. நம்ம ஊர்லயே பழைய அம்பாசடர் மெக்கானிக்குகள் அறுபது, எழுபது வயசுல இன்னும் இருக்காங்க. செலவு ஜப்பான் இன்ஜினை விடக் கூடத்தான் ஆகும், அதையும் சொன்னேன். அவன் இன்னும் முடிவெடுக்கல. அவன் மனைவி அந்தக் காசுக்கு முகப்புல ஓடு மாத்தலாம்ங்கிறாங்க. அதுவும் நியாயம்தான்.

டாக்ஸி ஓட்டி அன்றைக்கு ஜப்பான் இன்ஜின் போட்டவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைங்களைப் படிக்க வெச்ச இன்ஜின் அது. நல்ல லேத்காரர் கையில் பட்டது பல லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. கொட்டகையில் நிக்கிற ஒரே ஒரு ஐயா காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அவ்ளோதான்.

புதுக் கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இப்ப 'ஆட்டோமேட்டிக்'னு விக்கிறது எல்லாம் ஒண்ணு இல்ல. 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. உள்ளுக்குள்ள சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச் பிளேட், ப்ளைவீல் எல்லாம் இருக்கு, மிதிக்கிற வேலையை மட்டும் ஒரு சின்ன இயந்திரக் கை செய்யுது. அந்த இன்ஜினை அதே மாடல் கியர் வண்டிக்கு மாத்துறதுல மேலே சொன்ன போல்ட், புஷ் கதை எதுவும் இல்ல, கம்ப்யூட்டரும் ஆர்.சி.யும்தான் மிச்சம். ஆனா 2012 டிசையரில் வந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்க் கலன் இருக்கு. அதுக்கு முழுக் கதையும் பொருந்தும். பழைய இன்ஜின் வாங்கப் போனா 'எந்த வகை ஆட்டோமேட்டிக்?'னு முதலில் கேளுங்க. பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க: கனமான ப்ளைவீலா, மெல்லிய தகடா?

பழைய அம்பாசடர் வெச்சிருக்கிறவங்க நாளைக்குக் காலையில பானெட்டைத் திறந்து, துணியால துடைச்சு, இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. டிஎன்-63 ஆளுங்க கட்டாயம் பாருங்க. பொருந்துதா இல்லையான்னு கீழ எழுதுங்க. எண்ணைப் போட வேண்டாம், ஆமா இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும். வேற இன்ஜின் இருந்தா அது எந்த வருஷம், யார் கையால ஏறுச்சுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேட்டு அதையும் எழுதுங்க.